ஏலம் போன முகம்

சென்னை, பெரம்பூர்
14 ஜூன் 2025

கலை,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நம் இருவர் குரலும் உயர்ந்துவிடுகிறது. அதனால் மின்னஞ்சல். நீ கூட்டுறவு வங்கி வேலையை விட்டுவிட்டு ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தது சரியா தவறா என்று இனி எழுதப்போவதில்லை. அந்தப் பேச்சில் நமக்குள் மிச்சம் ஒன்றும் இல்லை.

உன் மனைவி சிந்துஜா விவரம் சொன்னாள். செங்கத்தில் கல்யாண வரவேற்பு நடுவில் ஜெனரேட்டர் மின்சாரம் எகிறி உன் கீபோர்டு எரிந்துபோய்விட்டதாம். ஆடி பிறந்தால் ஒவ்வொரு ஊர் அம்மன் கோயிலிலும் கச்சேரி. அதற்குள் உன்னிடம் கீபோர்டு இல்லையென்றால் இராமலிங்கம் தன் குழுவில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார். உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான். உன் பயம் எனக்குப் புரிகிறது. புதிது வாங்க வழியில்லை, இணைய ஏலத்தில் பழையது பார்க்கிறாய் என்பதும் புரிகிறது. பழைய ஒலிநாடாக்களைக் கேட்க ஒரு டேப் டெக் நானும் அப்படித்தான் வாங்கினேன். அதனால் கொஞ்சம் சொல்லலாம்.

விற்பவர் இதற்கு முன் என்ன விற்றிருக்கிறார், வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார். புகழ்ந்தவர்களை விடு, குறை சொன்னவர்களைப் படி. படத்தை நம்பாதே. ஒவ்வொரு கட்டையையும் அழுத்திக் காட்டி, இன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல். சீரியல் நம்பர் கேள். பொருள் உன் கைக்கு வந்து நீ சரி என்று சொன்ன பிறகுதான் அந்த ஏலத் தளம் விற்றவருக்குப் பணத்தைக் கொடுக்கும். அந்த ஏற்பாட்டை விட்டு ஒரு அடி வெளியே வராதே. முக்கியமாக, அவருடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கு. தராதவரிடம் வாங்காதே.

மணிமொழி

*

திருவண்ணாமலை
19 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதியதைச் சிந்துஜா இரண்டு தடவை படித்துக் காட்டினாள். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனாலும் நீங்கள் சொன்னபடிதான் செய்தேன் என்று தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

ஏலத்தில் தோற்றுவிட்டேன். கடைசி நிமிடத்தில் யாரோ ஏற்றிக் கேட்டு எடுத்துக்கொண்டுபோனார்கள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விற்றவரே என் போனுக்குச் செய்தி அனுப்பினார். ஜெயித்த ஆள் பின்வாங்கிவிட்டாராம். அடுத்ததாகக் கேட்டவன் நான் என்பதால் எனக்கே தருகிறாராம். தளத்துக்கு மறுபடி போனால் கமிஷன் பிடிப்பார்கள், நேரடியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரியும். மீதியையும் கேளுங்கள்.

பெயர் வேணு. ராணிப்பேட்டைக்காரர். வீடியோ கேட்டேன், எல்லாக் கட்டையும் அழுத்திக் காட்டி அனுப்பினார். சீரியல் நம்பர் கேட்டேன், அனுப்பினார். அடையாள அட்டை கேட்டேன். முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் வந்தது. பெரிய மீசை, பார்த்தால் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் போல இருக்கிறார். ஒரு சுணக்கம் இல்லை அக்கா. பிறகு அவர் ஒன்று கேட்டார். "நானும் ஒரு தபா ஏமாந்தவன் சார். உங்களுதையும் அனுப்புங்க, ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார். நியாயம்தானே. மாடி அறைக்கு வாடகைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் நான் பாஸ்போர்ட் நகல் வாங்காத நாள் உண்டா? ஒருவரும் முகம் சுளித்ததில்லை. என் அட்டையை அனுப்பினேன்.

இன்னொன்றும் கேட்டார். வீட்டு மாடியில் நின்று, பெயரையும் ஊரையும் சொல்லி, பின்னால் மலை தெரிகிற மாதிரி ஒரு சின்ன வீடியோ. "அண்ணாமலையாரப் பின்னாடி வெச்சுக்கினு பொய் சொல்றவன் எவன் சார் இருக்கான்" என்று எழுதியிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. சிந்துஜாதான் எடுத்தாள்.

பாதிப் பணம் அனுப்பிவிட்டேன். மீதி பொருள் வந்த பிறகு.

கலையரசன்

*

பெரம்பூர்
21 ஜூன் 2025

கலை,

நான் சொன்னதில் முக்கால்வாசியைச் செய்து, எது காப்பாற்றுமோ அதை விட்டிருக்கிறாய். தளத்துக்கு வெளியே போனதைத்தான் சொல்கிறேன். அது போகட்டும், பணம் போனால் போகிறது. எனக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன.

ஏலத் தளத்தில் கேட்பவர்களின் போன் எண் விற்பவருக்குத் தெரியாது. என் டேப் டெக்கை விற்றவரோடு தளத்தின் வழியாகவேதான் பேச முடிந்தது. உன் எண் இவரிடம் எப்படிப் போனது?

நீ கேட்டதையெல்லாம் கேட்டவுடன் கொடுத்திருக்கிறார். உண்மையாக விற்கிறவர்கள் கொஞ்சம் சலித்துக்கொள்வார்கள். சீரியல் நம்பருக்காகக் கீபோர்டைத் திருப்பிப் பார்க்கச் சோம்பல்படுவார்கள். இந்தக் கேள்விகளை இவரிடம் ஏற்கெனவே பலர் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

பணம் வாங்குகிற ஆளுக்கு, நீ மலைக்கு முன்னால் நிற்கிற வீடியோ எதற்கு?

மணிமொழி

*

திருவண்ணாமலை
2 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு ஒரு செய்தி. அனுப்பிய பணம் முழுவதும் இன்று காலை என் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது.

லாரி சர்வீஸில் போடும்போது கீபோர்டு கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். வேணு சார் அவ்வளவு வருத்தப்பட்டு எழுதினார். என் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டுக்காரம்மா கணக்கிலிருந்து அனுப்புவதாகச் சொன்னார். தமிழ்செல்வி என்ற பெயரில் வந்தது. திருடன் பணத்தைத் திருப்பித் தருவானா? இதையும் ஆராய்ச்சி செய்வீர்கள் என்று சிந்துஜா சிரிக்கிறாள்.

எண் எப்படிப் போனது என்று கேட்டிருந்தீர்கள். வடாற்காடு கச்சேரிக்காரர்கள் எல்லோரும் இருக்கிற ஒரு வாட்ஸப் குழு உண்டு. நூற்றுக்கணக்கானவர்கள், பாதிப் பேருக்கு முகமே தெரியாது. அதில்தான் யாரோ அந்த ஏலத்தைப் போட்டிருந்தார்கள். "எனக்கு வேணும், ஆடிக்கு முன்னாடி வேணும்" என்று நான் எழுதியிருந்தேன். அங்கிருந்து எடுத்திருப்பார். இதில் என்ன மர்மம்?

கீபோர்டுக்கு இப்போது வந்தவாசியில் ஒருவரிடம் வாடகைக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆடியில் என் இடம் எனக்குத்தான்.

கலையரசன்

*

பெரம்பூர்
7 ஜூலை 2025

கலை,

சிரிக்கட்டும். பணம் திரும்பி வந்ததைப் படித்த பிறகுதான் எனக்குச் சரியாகப் பயம் வந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கி, சிந்துஜாவிடம் கேட்டு வாங்கிய அட்டை நகலில் இருந்த விலாசத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனேன்.

வேணு என்று ஒருவர் இருக்கிறார். தோல் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை பஜனைகளில் ஆர்மோனியம் வாசிக்கிறார். நல்ல வெயிலில் வாசல் கேட்டில் உள்பக்கம் பூட்டு தொங்கியது. அவர் மனைவி ஜன்னலைத் திறக்காமலே, "அவரு இல்ல, எந்த ஊரு நீங்க, எவ்ளோ போச்சு?" என்று கேட்டார். எதுவும் போகவில்லை, என் தம்பிக்கு உங்கள் வீட்டுக்காரர் அட்டை வந்திருக்கிறது என்றேன். உள்ளே ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு அவரே வந்து பூட்டைத் திறந்தார். அட்டையில் இருக்கிற முகம்தான். மீசை மட்டும் இல்லை.

"அந்த மூஞ்சி வேணாம்னு எடுத்துட்டேம்மா" என்றார்.

அவர் எதையும் விற்றதில்லை. சென்ற ஆண்டுக் கடைசியில் இதே ஏலத்தில் பழைய ஆர்மோனியம் ஒன்று கேட்டிருக்கிறார். யாரோ ஒருவருடைய அட்டை வந்தது, இவரும் தன்னுடையதை அனுப்பினார். ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று வீடியோ எடுத்து அனுப்பினார். பொருள் வரவில்லை, பணம் திரும்பி வந்தது. "நல்லவன்னு நெனச்சேன்" என்றார். அடுத்த மாதத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் அட்டையை, அவர் வீடியோவைக் காட்டி யாரோ பணம் பறித்திருக்கிறார்கள். அவருக்குத் திரும்பி வந்ததும் அப்படி ஏமாந்த ஒருவர் நேராக அவர் கணக்குக்கு அனுப்பிய பணம்தான். குடியாத்தத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்களாம். இடது கை மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை. ஆர்மோனியத்தில் துருத்தி போடுகிற கை.

நீ எப்போது அட்டை அனுப்பினாய் என்று கேட்டார். ஜூன் நடுவில் என்றேன். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கப்புறம் நம்ம வூட்டுக்கு யாரும் வரல இல்ல?" என்றார். அந்த அம்மாள் வரவில்லை என்று தலையாட்டினார். எனக்குக் காபி வந்தது. இப்போது தூக்கம் வருகிறது, பசிக்கிறது என்று வேணு சொல்லிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, "கீபோர்டுதானே? ஆடிக்கு முன்னாடி வேணும்னுக்கினு இருந்தாரு, பாவம்" என்றார். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. நான் கீபோர்டு என்று சொல்லவே இல்லை.

உடனே இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடு. வங்கிக்குப் போய், அந்தத் தமிழ்செல்வியின் பணம் தவறாக வந்தது என்று எழுதிக் கொடு. பௌர்ணமி நெருங்குகிறது. கூட்டத்தோடு கூட்டமாக யார் வேண்டுமானாலும் வரலாம். அதற்குள் செய்.

மணிமொழி

*

திருவண்ணாமலை
13 ஜூலை 2025

அக்கா,

கையால் எழுதித் தபாலில் போடுகிறேன். போனை அணைத்து அரிசி டப்பாவில் போட்டுவிட்டேன். திறந்தால் மணி அடித்தபடியே இருக்கிறது.

நீங்கள் சொன்ன அன்றே போயிருக்கலாம். பௌர்ணமிக்கு மாடி அறைகள் நிறைந்திருந்தன, அந்த வேலையில் தள்ளிப்போட்டேன். கிரிவலக் கூட்டம் சாயங்காலத்திலேயே தெருவை அடைத்துக்கொண்டு போனது. எதிர் டீக்கடை வாசலில் ஒரு பெண்ணும் அவள் அண்ணனும் நின்றார்கள். எல்லோரும் நடந்துகொண்டிருக்க இவர்கள் மட்டும் மலையைப் பார்ப்பதும் கையிலிருந்த போனைப் பார்ப்பதும், நாலு அடி தள்ளி நின்று மறுபடி பார்ப்பதுமாக இருந்தார்கள். எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் உள்ளே போய்விட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா. மலை ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒவ்வொரு மாதிரி தெரியும். எந்தப் படத்தைக் காட்டினாலும் கிரிவலப் பாதையில் எந்த லிங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தது என்று நானே சொல்வேன். என் அட்டையில் இருப்பது முன்பு குடியிருந்த தெரு விலாசம், அங்கே போய்விட்டு வந்திருக்கிறார்கள். அக்னி லிங்கத்திலிருந்து என் வீடியோவை மலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நடந்து, ஆசிரமத்தைத் தாண்டி என் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அவள்தான் தமிழ்செல்வி. விழுப்புரம் பக்கம். மகளுக்குக் கீபோர்டு வாங்க அனுப்பிய பணம். சிந்துஜா கதவைத் திறந்து நான் இல்லை என்றாள். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. என் குரல் என் வாசலிலேயே போனிலிருந்து கேட்டது, என் பெயர் கலையரசன், ஊர் திருவண்ணாமலை என்று. நான் வெளியே வந்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"மலைய வெச்சுக்கினு சொன்னீங்களே, அத நம்பித்தானே குடுத்தேன்" என்றாள். "இது நீங்க இல்லியா? பணம் உங்க கணக்குக்கு வரலியா?"

இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பணத்தை அப்போதே திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் கணக்கை முடக்கிவிட்டிருந்தார்கள். மறுநாள் புகார் கொடுக்கப் போனேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள். என் பெயரில் ஏற்கெனவே புகார்கள் இருக்கின்றன, விசாரணை முடியும்வரை ஊரைவிட்டுப் போகாதீர்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

வீடியோ கச்சேரிக் குழுவுக்கும் வந்துவிட்டது. இராமலிங்கம் நேரில் வந்து, "ஆடி முடியட்டும் கலை, அப்புறம் பாக்கலாம்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

போனை அணைப்பதற்கு முன் அந்த ஆளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும் சார். உங்க ஆர்கெஸ்ட்ராவுல யாருக்காவது ஏதாவது தேவைப்பட்டா அவங்க நம்பர் குடுங்க. அவங்க வந்துட்டா நீங்க போயிடலாம்."

கலை

*

பெரம்பூர்
16 ஜூலை 2025

கலை,

அந்தச் செய்திக்குப் பதில் எழுதாதே. அழிக்கவும் அழிக்காதே, விசாரிப்பவர்களிடம் காட்டு.

ராணிப்பேட்டையில் எனக்கு உறுத்தியது இப்போது தெளிவாகிவிட்டது. உங்கள் வாட்ஸப் குழுவில் வேணுவும் இருக்கிறார். உனக்கு வந்த அதே செய்தி அவருக்கும் வந்திருக்கும். "ஆடிக்கு முன்னாடி வேணும்" என்று நீ எழுதியதைப் படித்து அந்த ஆளிடம் உன் எண்ணைக் கொடுத்தவர் அவர். எனக்குக் காபி கொடுத்த மனிதர். அவர்மேல் கோபம் வரவில்லை, அந்த மணிக்கட்டைப் பார்த்தேன். ஆனால் அவர் சாப்பிட்டுத் தூங்குவது அவர் இடத்துக்கு நீ வந்துவிட்டதால்தான்.

அட்டையைக் கேட்டு வாங்கு என்று எழுதியது நான். அந்த ஆள் உள்ளே நுழைந்த கதவு அதுதான். அதனால் இதில் உன்னைத் தனியே விடமாட்டேன். வேலூரில் ஒரு வழக்கறிஞரிடம் பேசியிருக்கிறேன். தமிழ்செல்விக்கு என் கையிலிருந்து பணம் அனுப்பிவிடுகிறேன், அவள் எண்ணை மட்டும் தா. அரசாங்க வேகத்தில் இது தீரப் பல மாதம் ஆகும். அதுவரை வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து நடந்ததைச் சொல். அடிப்பார்கள் என்று பயமாக இருந்தால் அக்கம்பக்கத்தைக் கூட்டி வைத்துச் சொல். வேறு எந்த வழியாலும் இதிலிருந்து வெளியே வராதே.

மணிமொழி

*

திருவண்ணாமலை
30 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

மறுபடி மின்னஞ்சலில் எழுதுகிறேன், போனைத் திறந்துவிட்டேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். கச்சேரி மேல் கச்சேரி.

எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு வாரமாக யாரும் வரவில்லை, போனும் இல்லை. நீங்கள்தான் ஜாஸ்தியாகப் பயந்துவிட்டீர்கள். வழக்கறிஞர் இப்போது வேண்டாம். தமிழ்செல்வி எண்ணைத் தேடி எடுத்து அனுப்புகிறேன்.

இராமலிங்கம் திரும்பக் கூப்பிட்டார். அதற்குக் காரணம் பிரசாத். ரிதம் பேடு வாசிக்கிற பையன், உங்களுக்குத் தெரியாது. சென்ற தை மாதம்தான் கல்யாணமானது. "கலை அண்ணன் இல்லன்னா நானும் மேடை ஏற மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். கலசபாக்கத்தில் போன வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றினார்கள், நல்ல கூட்டம். வாடகைக் கீபோர்டுதான், இருந்தாலும் கை நன்றாகப் பேசியது. அவனுடைய பேடு பழசாகிவிட்டது, நடு நடுவே அடி விழுவதில்லை. அவனும் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். சிந்துஜா மட்டும் சரியாகப் பேசுவதில்லை. அவள் உங்களுக்கு ஏதாவது எழுதினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கலையரசன்

*

பெரம்பூர்
3 ஆகஸ்ட் 2025

கலை,

சிந்துஜா எழுதவில்லை. பிரசாத்தின் எண்ணைக் கேட்டேன், ஏன் என்று கேட்காமல் கொடுத்தாள்.

உன் கடிதத்தில் பசியும் தூக்கமும் இருந்த வரியை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், ராணிப்பேட்டையில். இருந்தாலும் தவறாக நினைக்கிறேனோ என்று ஒரு நாள் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தேகப்படுவது என் பழக்கம், உன் விஷயத்திலாவது அது பொய்யாகட்டும் என்று இருந்தேன். இன்று காலை அவனைக் கூப்பிட்டேன்.

கலை அண்ணனின் அக்கா என்றதும் எவ்வளவு மரியாதையாகப் பேசினான் தெரியுமா. பேடு கிடைத்ததா என்று கேட்டேன். "இல்லக்கா, வழியில ஒடைஞ்சுபோச்சாம். ஆனா பணம் இப்பதான் திரும்பி வந்துச்சு. அண்ணன் சொன்ன மாதிரியே நல்ல மனுசன்" என்றான். வீடியோ எடுத்தாயா என்றேன். எடுத்தானாம். அடி அண்ணாமலையில், அவன் புது வீட்டுக்கு முன்னால். போனைப் பிடித்து எடுத்தது நீதானாம். வெளிச்சம் போதவில்லை என்று அவனைத் தள்ளி நிற்க வைத்து இரண்டாம் முறை எடுத்தாயாம். அதையும் நன்றியோடு சொன்னான்.

அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேணுவின் மணிக்கட்டு, தமிழ்செல்வி, உனக்கு வந்த செய்தி, எதையும் விடவில்லை. இன்றே வீடியோவோடு போய்ப் புகார் கொடு, நாளை வங்கி திறந்ததும் எழுதிக் கொடு என்றேன். அந்தப் பக்கம் அவன் மனைவி யாரென்று கேட்பது கேட்டது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்ணனுக்கு இது முன்னாடியே தெரியுமாக்கா?"

அதை உன்னிடம் கேட்கச் சொன்னேன்.

இன்று மாலை வருகிறான். நானும் மூன்று மணிப் பேருந்தில் கிளம்புகிறேன், வந்து சேர இரவாகிவிடும். அவன் எனக்கு முன்னால் வந்துவிடுவான். சிந்துஜாவை அனுப்பாதே. கதவை நீயே திற.

மணிமொழி